கசப்புக் காகிதம்

அந்த உயிரியல் ஆய்வு நிலையத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் கிடையாது. சம்பளச் சீட்டில் மட்டும்தான் பெயர். மற்றபடி வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் பேட்ஜ் அக்கா. பல்கலைக்கழக வளாகத்தின் பின்கோடியில் இருக்கும் அந்த நான்கு மாடிக் கட்டடத்துக்கு வெளியாட்கள் வரும் நாளெல்லாம் நுழைவாயிலில் ஒரு மேசையைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையை நெஞ்சில் மாட்டிவிட்டுத்தான் யாரையும் உள்ளே அனுப்புவார். ஒருமுறை இயக்குநர் அட்டை இல்லாமல் நழுவப் பார்த்தார். "சார், எனக்கு உங்களைத் தெரியும். வர்றவங்களுக்குத் தெரியணுமே" என்று வழிமறித்து மாட்டிவிட்டார். இயக்குநரும் பள்ளிப் பிள்ளை மாதிரி நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றார்.

வேலைக்கு 'பொதுமக்கள் தொடர்பு' என்று பெயர். அப்படியென்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு அக்காவின் கணவர் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். "உள்ள இருக்கறவங்கள வெளிய இழுக்கணும், வெளிய இருக்கறவங்கள உள்ள தள்ளணும். அவ்வளவுதான்." அவர் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துகிறவர், எதுவும் அவருக்கு இழுப்பதும் தள்ளுவதுமாகத்தான் தெரியும். ஆனாலும் விளக்கத்தில் குறை சொல்ல முடியாது.

அக்கா படித்தது வரலாறு. உயிரியலுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முதலில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் விசாரணைக் கவுன்டரில் உட்கார்ந்திருந்தார். வராத பஸ்ஸுக்காக வருகிறவர்களிடமெல்லாம் திட்டு வாங்கி வாங்கித் தோல் தடித்துப்போனது. கம்பெனியை ஒருநாள் இழுத்து மூடினார்கள். அப்போது ஆய்வு நிலையத்தில் ஒரு மாநாட்டுக்கு வாசலில் நிற்கத் தற்காலிகமாக ஆள் தேவைப்பட்டது. மூன்று நாள் வேலைக்கு வந்தவர் இன்னும் அந்த மூன்று நாளை முடிக்கவில்லை என்று கணக்குப் பிரிவில் கேலி பேசுவார்கள்.

கேலி பேசினாலும் அவர் கெட்டிக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை 'அறிமுக மாலை' என்று ஒன்று நடக்கும். மருந்து கம்பெனிக்காரர்கள், மருத்துவர்கள், பள்ளி ஆசிரியர்கள், சுற்றுவட்டாரக் குடியிருப்புச் சங்கத்தார் எல்லோரும் ஆராய்ச்சியாளர்களோடு நின்று டீ குடித்தபடி ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஆரம்பத்தில் நடந்தது வேறு. ஆராய்ச்சியாளர்கள் தங்கள் ஆய்வகத்து ஆட்களோடு சுவரோரமாக உட்கார்ந்து, அன்றைக்கு எந்த இயந்திரம் கெட்டுப்போனது என்பதைப் பேசி முடித்து, பிஸ்கட்டையும் முடித்துவிட்டுப் போனார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் அக்கா கூடத்து நாற்காலிகளையெல்லாம் பக்கத்து அறையில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். டீயை ஒரு மூலையிலும் பிஸ்கட்டை எதிர் மூலையிலும் வைத்தார். டீயும் பிஸ்கட்டும் வேண்டுமென்றால் கூட்டத்தைக் கடந்துதான் ஆகவேண்டும்.

பெயர் அட்டையிலும் கை வைத்தார். டாக்டர், பேராசிரியர் என்ற பட்டமெல்லாம் போயிற்று. பெயருக்குக் கீழே 'என்னிடம் கேளுங்கள்' என்று ஒரு வரி. 'ஈ எப்படித் தூங்குகிறது?', 'காயம் எப்படி ஆறுகிறது?' என்று அவரவர் ஆராய்ச்சியைப் பொறுத்து ஒரு கேள்வி. ஒரு பேராசிரியர் இதென்ன சின்னப்பிள்ளைத்தனம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அன்று அவரைச் சுற்றித்தான் கூட்டம் மொய்த்தது. முகம் தானாக இறங்கிவிட்டது.

வெட்டுவதுதான் அக்காவின் திறமை. ஆராய்ச்சிக்காரர்கள் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். ஒரு வரியில் சொல்ல வேண்டியதற்கு முன்னால் 'பொதுவாக' என்பார்கள், பின்னால் 'எனக் கருதப்படுகிறது' என்பார்கள், நடுவில் நாலு தடுப்புச்சுவர் கட்டுவார்கள். பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் எழுத்தெல்லாம் அக்காவின் சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் போக வேண்டும். பேனா போன வழியில் தடுப்புச்சுவர் எதுவும் மிஞ்சாது. அதில் அவருக்குப் பெருமை உண்டு. பெருமையை அவர் மறைத்ததும் இல்லை.

ஆண்டுக்கொரு சனிக்கிழமை கட்டடம் முழுவதையும் ஊருக்குத் திறந்துவிடுவார்கள். கீழ்த்தளக் கூடத்தில் வரிசையாக மேசைகள் போட்டிருக்கும். ஒன்றில் வாழைப்பழத்தை நசுக்கி மரபணு எடுத்துக் காட்டுவார்கள். இன்னொன்றில் நுண்ணோக்கியில் குட்டைத் தண்ணீர். புழுக்களை வைத்து ஆராய்ச்சி செய்வதால் புழு டாக்டர் என்று அழைக்கப்படும் பெண் ஒருவர் ஒரு ஆண்டு கசப்புக் காகித மேசைக்குப் பொறுப்பேற்றார். கசப்புக் காகிதம் என்பது ஏதோ ஒரு ரசாயனத்தில் தோய்த்துக் காயவைத்த தாள் துண்டு. நாக்கில் வைத்தால் சிலருக்குக் குடலைப் புரட்டும் கசப்பு. சிலருக்கு வெறும் தாள். எது என்பது பிறப்பிலேயே, அப்பா அம்மாவிடமிருந்து வருவது.

மேசையில் வைக்கும் அட்டைக்குப் புழு டாக்டர் எழுதிக் கொடுத்தது இது: 'பெற்றோர் இருவருக்கும் இக்கசப்பு தெரியாதபோது, பெரும்பாலும், வேறு காரணிகள் குறுக்கிடாத பட்சத்தில், பிள்ளைக்கும் தெரியாமலிருக்க வாய்ப்பு அதிகம்.'

"இது அட்டையாம்மா, வீட்டுப் பத்திரமா?" என்றார் அக்கா. சிவப்புப் பேனா இறங்கியது. 'அப்பா அம்மா இருவருக்கும் கசக்கவில்லையா? பிள்ளைக்கும் கசக்காது!'

"அக்கா, 'பெரும்பாலும்'னு ஒரு வார்த்தையாவது இருக்கட்டுமே. அதுக்கு விதிவிலக்கு நிறைய உண்டுக்கா."

"அந்த வார்த்தையப் பாத்ததுமே ஆளுங்க அடுத்த மேசைக்குப் போயிடுவாங்கம்மா."

புழு டாக்டருக்குப் புழுக்களிடம் பிடிவாதம் பிடிக்கத் தெரியும், அக்காவிடம் தெரியாது. அட்டை அப்படியே அச்சுக்குப் போனது.

அந்தச் சனிக்கிழமை வந்தவர்களில் ஒருவர் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்து லிஃப்டுகளைப் பராமரிக்க மாதாமாதம் பின்வாசல் வழியாகக் கருவிப் பெட்டியோடு வருகிறவர். லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு, "இதுக்கு நாங்கள்லாம் வரலாமா மேடம்?" என்று அக்காவிடம் கேட்டிருந்தார். "உங்களுக்குத்தான் வைக்கறதே" என்றார் அக்கா. வாய் உபசாரம் இல்லை. இப்படி ஒருவர் முன்வாசல் வழியாகக் குடும்பத்தோடு வந்தால் அக்காவுக்கு அன்றைய தினம் நிறைந்துவிடும்.

வந்தார். தேய்த்த சட்டை, தண்ணீர் தொட்டு வாரிய தலை. கூடவே பேக்கரி ஒன்றில் பில் போடும் மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள். வருகிறவர்களும் தங்கள் அட்டையில் ஒரு கேள்வி எழுதிக்கொள்ளலாம் என்று அக்கா சொன்னதும் மகள் யோசிக்காமல் எழுதினாள்: 'என்னிடம் கேளுங்கள்: கரண்ட் போனால் லிஃப்ட் ஏன் கீழே விழுவதில்லை?'

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அக்கா.

"பிரேக் தானா பிடிச்சுக்கும் ஆன்ட்டி. கரண்ட் இருந்தாத்தான் பிரேக்கே விடும். அப்பா சொல்லியிருக்காங்க."

"அப்படியே அப்பா புத்தி" என்றார் மனைவி. மெக்கானிக் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

கசப்புக் காகித மேசையில் நல்ல வரிசை. முறை வந்ததும் மனைவி தாளை நாக்கில் வைத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று உதட்டைப் பிதுக்கினார். மெக்கானிக்கும் சப்புக்கொட்டிப் பார்த்தார். "வெறும் காகிதம்மா." மகள் வைத்த மறுகணம் "ஐயோ, சீ!" என்று கத்தி, டிஷ்யூவில் துப்பி, நாக்கை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். துடைத்து முடித்தவள் கண்ணில் அட்டை பட்டது. வகுப்பில் எழுந்து நின்று படிக்கிற குரலில், மேசையைச் சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி படித்தாள். படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப எனக்கு மட்டும் ஏன் கசக்குது?"

வரிசையில் நின்ற ஒரு ஆள், எல்லா ஊர் வரிசையிலும் இப்படி ஒருவர் நிற்கிறார், "பக்கத்து வீட்ல விசாரிச்சுப் பாரும்மா!" என்றார். அதற்கும் சிலர் சிரித்தார்கள். மனைவியின் முகம் செத்துப்போயிற்று. மெக்கானிக் மகளின் தோளில் கைவைத்து வாசல் பக்கம் திருப்பினார். "இல்ல, அது வந்து, சில மரபணுக்கள் விஷயத்துல..." என்று புழு டாக்டர் தொடங்கி வாக்கியத்தை முடிப்பதற்குள் மூன்று பேரும் வாசலைத் தாண்டிவிட்டார்கள்.

அக்கா கூப்பிடு தூரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். நேராக வந்து அட்டையை எடுத்து இரண்டாகக் கிழித்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் புழு டாக்டரைத் தொலைபேசியில் பிடித்துவைத்து, அந்தத் தாளைப் பற்றி உள்ளதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார். மெக்கானிக் மனைவியைச் சந்தேகப்பட்டு வீட்டில் என்ன ரகளை நடக்கிறதோ என்பதுதான் அவருடைய பயம்.

திங்கட்கிழமை லிஃப்டைப் பராமரிக்கும் நாள் இல்லை. ஆனாலும் மெக்கானிக் வந்தார். அக்காவின் அறை வாசலில் செருப்பைக் கழற்றப் போனவரை உள்ளே இழுக்காத குறையாகக் கூட்டிவந்து உட்காரவைத்து, அவர் வாயைத் திறக்குமுன் அக்கா ஒப்பிக்கத் தொடங்கினார்.

"அண்ணா, அந்த அட்டைல இருந்தது தப்பு. தப்பு என்னோடது. அப்பா அம்மாவுக்குக் கசக்காம பிள்ளைக்குக் கசக்கறது நடக்கற விஷயம்தான். வயசானா நாக்கு மழுங்கும். சளி பிடிச்சா தெரியாது. அதுபோக, ஒரே ஒரு மரபணுவ மட்டும் பொறுத்த விஷயமும் இல்ல. அந்தத் தாள வச்சு யாரு யாருக்குப் பொறந்தாங்கன்னு கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. நீங்க தயவுசெஞ்சு வீட்டுல..."

மெக்கானிக் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். பிறகு, "நான் சண்டைக்கு வரல மேடம்" என்றார். "உங்க காகிதம் எங்க விஷயத்துல சரியாத்தான் சொல்லியிருக்கு. அவ எங்களுக்குப் பொறந்தவ இல்ல. கைக்குழந்தையா எடுத்து வளர்த்தோம்."

அக்காவுக்கு ஒப்பித்ததெல்லாம் மறந்துபோனது.

"அவளுக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் சேக்கறப்ப சொல்லலாம்னு இருந்தோம். அப்புறம் கொஞ்சம் வெவரம் தெரியட்டும்னு தள்ளிப் போட்டோம். அப்படியே போயிடுச்சு. சனிக்கிழமைலேருந்து கண்ணாடி முன்னாடியே நிக்கறா. காதப் பாக்கறா, மூக்கப் பாக்கறா. பொறந்தப்ப எடுத்த போட்டோ எங்கன்னு கேக்கறா. எங்க வீட்டுக்காரி அடுப்படிக்குள்ள போய் அழுதுட்டு வர்றா." அவர் கையை விரித்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "இப்ப எங்கிட்ட சொன்னீங்களே, அத அப்படியே அவகிட்ட ஒரு தடவ சொல்லணும் மேடம்."

"நீங்களே உண்மையச் சொல்லிடலாமேண்ணா?"

"சொல்லணும். சொல்லாம இருக்கப் போறதில்ல. ஆனா நாங்க சொல்லித்தான் அவளுக்குத் தெரியணும். ஒரு துண்டுக் காகிதம் சொல்லியா தெரியணும்? அதுவும் ஊர் சிரிச்ச இடத்துல?" குரல் கொஞ்சம் உயர்ந்து உடனே இறங்கியது. "உங்களப் பொய் சொல்லச் சொல்லல. நீங்க சொன்னது உண்மைதானே?"

உண்மைதான். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இரண்டு நாளாக அதை யாரிடமாவது சொல்லிவிடத் துடித்தவரும் அக்காதான். இப்போது அதே உண்மையை ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டுவதற்குக் கேட்கிறார் ஒருவர். கேட்பவர் மேல் கோபப்படவும் வழியில்லை. கடைசியில் அக்கா ஒரு நிபந்தனை போட்டார். தாளைப் பற்றி மட்டும் சொல்வார். அதற்கு மேல் பெண் எதையாவது நேராகக் கேட்டால், பொய் சொல்ல மாட்டார், அப்பாவைக் கேள் என்று சொல்லிவிடுவார். மெக்கானிக் தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பக்கத்து சீட்ல உட்காந்து பிரேக் பிடிக்கறது என் தொழில். அது உனக்கு எதுக்கு?" என்றார்.

"என் அட்டையாலதானேங்க வந்துச்சு?"

"அப்ப போய்த்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் மெக்கானிக் மகளைக் கூட்டிவந்தார். சீருடையும் முதுகில் பையுமாக வந்தவள், பேட்ஜ் பெட்டிகளுக்கும் மடித்துவைத்த விளம்பரப் பலகைகளுக்கும் நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அப்பா கதவருகே நின்றுகொண்டார். அக்கா சொல்ல வேண்டியதைச் சொன்னார். சளி, வயது, பல மரபணுக்கள், எல்லாம். இந்த முறை ஒரு 'பெரும்பாலும்', ஒரு 'சில சமயம்' எதையும் வெட்டவில்லை.

"அப்ப அட்டைல தப்பா எழுதிட்டாங்களா ஆன்ட்டி?"

"டாக்டர் சரியாத்தான் எழுதினாங்க. நான்தான் வெட்டிட்டேன்."

"எதுக்கு?"

"சின்னதா இருந்தா நல்லா இருக்கும்னு."

பெண் அதை மனதுக்குள் எடைபோடுவது தெரிந்தது. கெட்டிக்காரப் பெண். அடுத்த கேள்வி எதுவாக இருக்கும் என்று அக்காவுக்குத் தெரிந்தே இருந்தது.

"சரி, இது நிச்சயமில்ல. அப்ப நிச்சயமா கண்டுபிடிக்கற டெஸ்ட் வேற இருக்கா?"

கதவருகே அப்பா அசையவில்லை. இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இப்போது அவர் முகம் அப்படித்தான் இருந்தது.

"இருக்கும்மா" என்றார் அக்கா. "ஆனா அதப் பத்தி நீ உங்க அப்பா அம்மாகிட்டதான் கேக்கணும்."

சொன்னபோதே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, தாள் சொன்னதைவிட அதிகமாக இந்த ஒரு வாக்கியம் சொல்லிவிட்டதென்று. மறைக்க ஒன்றும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு யாரும் இப்படிப் பதில் சொல்ல மாட்டார்கள். பெண் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவரால் அவளை நேராகப் பார்க்க முடியவில்லை. சுவரில் இருந்த ஸ்விட்சுப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அக்கா பக்கம் திரும்பினாள்.

"அந்தக் காகிதம் இன்னும் இருக்கா ஆன்ட்டி? இன்னொரு தடவ வச்சுப் பாக்கறேன்."

மேசை இழுப்பறையில் மிச்சம் இருந்தது. அக்கா ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை. அவள் தாளை நாக்கில் வைத்து வாயை மூடிக்கொண்டாள்.

அந்தக் கசப்பு தெரிகிற நாக்கு கணநேரம்கூடத் தாங்காது. சனிக்கிழமை அத்தனை பேர் துப்பியதை அக்கா பார்த்திருக்கிறார். இவள் துப்பவில்லை. கத்தவில்லை. பையின் வார்ப்பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்து ஒருமுறை ஏறி இறங்கியது. கண் சிவந்து ஓரத்தில் நீர் கோத்தது.

"ஒண்ணுமே தெரியலப்பா" என்றாள். நாக்கை அசைக்காமல் பேசியதால் சொல் குழறியது. "வெறும் காகிதம். அன்னைக்கு எனக்கு முன்னாடி நின்ன பொண்ணு கத்துச்சு, நானும் சும்மா கத்திட்டேன்."

மெக்கானிக் கேட்டு வந்தது அக்கா தருவதாகச் சொன்ன பாதி ஆறுதலை. மகள் முழுசாகவே தந்துவிட்டாள். அவர் ஒரு சிரிப்புச் சிரித்து, 'பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டில் கண்ணாடி பழையபடி தலைவாருவதற்கு மட்டும் ஆகும்; சொல்ல வேண்டியதை இன்னும் பல வருஷம் தள்ளிப் போடலாம். அவர் அப்படித்தான் செய்வார் என்று அக்கா நினைத்தார். செய்தால் தானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவது என்றும் முடிவு செய்துகொண்டார்.

அவர் சிரிக்கவில்லை. கதவருகிலிருந்து வந்து அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். உள்ளங்கையைக் குழித்து அவள் மோவாய்க்குக் கீழே நீட்டினார்.

"துப்பு."

அவள் தலையை ஆட்டினாள். "ஒண்ணும் இல்லப்பா. நெஜமா."

"துப்புடா கண்ணு. கசக்குது. எனக்குத் தெரியும்."

அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். அவர் கையை எடுக்கவில்லை. நாலு பேரைச் சேர்த்துவைத்துப் பேசவைப்பதுதான் அக்காவின் பிழைப்பு. அந்த அறையில் அப்போது அவருக்கு ஒரு வேலையும் இல்லை. வெளியே போகலாமென்றால் வழியில் அவர்கள் இருந்தார்கள். பேட்ஜ் பெட்டியின் மூடியைப் பிடித்தபடி நின்றார்.

பெண் குனிந்து துப்பினாள். தாளும் எச்சிலும் கிரீஸ் ஏறிய அந்தக் கையில் விழுந்தன. அவர் அந்தக் கையை மூடிக்கொண்டு இன்னொரு கையால் அவள் வாயைத் துடைத்துவிட்டார்.

"வா, வீட்டுக்குப் போலாம். அம்மா வந்திருப்பா. மூணு பேரும் உட்காரலாம். எல்லாத்தையும் நான் சொல்றேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. இப்போது கண்ணீர் தாராளமாகவே வந்தது.

"உங்களுக்குத்தான் கசக்காதே" என்றாள். "எனக்குக் கசக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா?" என்றார் அவர்.